ஆட்டிடம் சொன்னது

எங்கள் ஊரில் யார் புது வீடு கட்டினாலும், கல்யாணமான பிள்ளைகள் யார் தனிக்குடித்தனம் போனாலும் பால் காய்ச்ச எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் பாலை ஊற்ற வேண்டும். பால் பொங்கி வழிகிறவரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்களைவிட வயதில் மூத்த ஜோடிகள் ஊரில் இருக்கிறார்கள், வசதியானவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் எங்களைத்தான் தேடி வருவார்கள். நாங்கள் சண்டை போட்டு ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை என்பதுதான் காரணம்.

பார்த்திருக்க முடியாது. இருபத்தேழு வருடம் நான் அவரோடு பேசவில்லை.

இதை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் நடுவில் வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. படித்த காலத்திலும் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னால் அழுதுவிடுவேன், எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். இதையும் அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பிறந்த ஊர் தா.பழூர் பக்கம். நெல் வயலும் வாய்க்காலும் உள்ள ஊர். கட்டிக்கொடுத்தது அரும்பாவூர் பக்கம், சின்ன வெங்காயம் போடுகிற கரட்டுக் காடு. மூன்று பஸ் மாறித்தான் தாய் வீட்டுக்குப் போக முடியும். வந்த புதிதில் இந்த ஊர்க்காரர்கள் என்னை ஊமை என்றே நினைத்தார்கள். என் ஓரகத்தி, அதாவது அவர் தம்பி மனைவி, வாய் ஓயாதவள். "அக்கா, தண்ணிக் குடத்துக்குக்கூட ஒரு சத்தம் இருக்கு, உங்ககிட்ட அதுவும் இல்லையே" என்பாள்.

அவர் ஒருவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வந்தது. சாயங்காலம் காட்டிலிருந்து வந்து அடுப்படி வாசற்படியில் உட்காருவார். நான் உள்ளே இருந்துகொண்டு அன்றைக்குக் கண்டது, கேட்டது எல்லாவற்றையும் சின்னக் குரலில் சொல்வேன். எந்தக் கோழி எங்கே முட்டை வைத்தது, யார் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், தண்ணீர்க் குழாயடியில் யார் யாரை என்ன கேட்டார்கள் என்று ஒன்று விடமாட்டேன். "எங்க வூட்டு ரேடியோ சாயங்காலம் மட்டும்தான் பாடும்" என்று அவர் தம்பியிடம் சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்திருக்கிறது. எனக்கு அது பெருமையாக இருந்தது. அப்படி ஏழு வருடம் போயிற்று. பையன் பிறந்து அவனுக்கு ஆறு வயதாகியிருந்தது.

அந்த வருடம் வெங்காயம் ஊன்றுகிற நாள் ஒன்று. மண்ணை மேடு மேடாக அணைத்துப் பார் பிடித்துத் தண்ணீர் விட்டாயிற்று. ஈரம் காய்வதற்குள் விதை வெங்காயத்தை ஊன்றி முடிக்க வேண்டும். பன்னிரண்டு பெண்களுக்குச் சொல்லி வைத்து, அவர்களும் விடிந்ததும் வந்துவிட்டார்கள். நானும் அவர்களோடு வரிசையில் குனிந்திருந்தேன். அவர் ஆட்களுக்கு டீ வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். போன் அப்போது கடையில்தான் இருந்தது. டீத் தூக்கோடு திரும்பி வந்தவர் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். கடைசியாக என்னிடம் வந்தார். "குடி, ஆறிப்போயிடும்" என்றார். கண் மட்டும் என்னைப் பார்க்காமல் வரப்பைப் பார்த்தது. அப்போது அது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை வருடமாக நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தக் கண்ணைத்தான்.

பொழுது சாய ஊன்றி முடித்தோம். கை கால் கழுவிக்கொண்டு வந்தபோது சொன்னார்: "உங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம். காலையில முதல் பஸ்ஸுக்குப் போவோம்."

போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. அம்மா வீட்டு வாசல் கழுவி விடப்பட்டு ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள் வரமாட்டோம் என்று நினைத்து அம்மாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே சொன்னாள்: "நேத்து காலையிலயே சொல்லிவிட்டோமேடி. பொழுது எறங்குறவரைக்கும் உசுரு இருந்துச்சு. பஸ் சத்தம் கேக்குறப்பல்லாம் வாசலப் பாத்துச்சு. நீ ஏன் வரல?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நானும் பையனும் திரும்பி வந்தோம். மறுநாள் காலை பையனை முன்னால் உட்காரவைத்து அவன் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏதாவது பேசேன்" என்றார். "திட்டவாவது திட்டு."

என் இரண்டு கையும் பையன் தலையில் இருந்தன. அப்படி இருந்திராவிட்டால் நான் அதைச் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ. எண்ணெய்க் கையை அழுத்தி வைத்துச் சொன்னேன்: "இவன் தலைமேல சத்தியமா, இனிமே உங்ககிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன். பேசினா இவன்..."

அதற்குமேல் வாய் வரவில்லை. பையன் தலையைப் பின்னால் சாய்த்து என்னை அண்ணாந்து பார்த்தான். "பேசினா நான் என்னம்மா?" என்று கேட்டான்.

நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டேன். அவன் மறந்துவிட்டு விளையாடப் போய்விட்டான். நான் முடிக்காமல் விட்ட அந்தச் சொல் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. முடித்திருந்தால்கூட இன்ன கெடுதல் என்று தெரிந்திருக்கும். முடிக்காததால் எல்லாக் கெடுதலும் அதில் இருந்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும், பள்ளிக்கூடம் விட்டு அரை மணி தாமதமாக வந்தாலும், பின்னாளில் பைக் வாங்கினபோதும் அந்தச் சொல் என் தொண்டைக்குள் வந்து நிற்கும்.

சத்தியம் செய்து பத்து நாளைக்குள் ஒன்று நடந்தது. ஒரு விடியற்காலை அவர் பையனைக் கூட்டிக்கொண்டு ரஞ்சன்குடிக் கோட்டை தாண்டி இருக்கிற அவர்கள் குலசாமி கோயிலுக்குப் போனார். என்னைக் கூப்பிடவில்லை. மத்தியானம் திரும்பி வந்தார்கள். பையன் தலை மொட்டை, மேலே சந்தனம். அவனை என் முன்னால் நிறுத்தி, "பாத்துக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, நான் அடுப்படியிலிருந்து வருகிறேனா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

எங்கள் தா.பழூர் பக்கத்தில் பிள்ளைக்கு ஆபத்து என்றால்தான் இப்படித் திடீரென்று முடி இறக்குவார்கள். முடியை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிடு என்று சாமியிடம் கேட்பது அது. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என் வாயை இவர் நம்பவில்லை, நான் சத்தியத்தை மீறிவிடுவேன் என்று பயந்து பிள்ளைக்குக் காவல் வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நெஞ்சு எரிந்தது. அவரே பயப்படுகிறார் என்றால் ஆபத்து நிஜம்தான் என்றும் தோன்றியது. அன்றைக்குத்தான் என் வாய் முழுசாகப் பூட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு வீட்டில் பேசாமல் எத்தனை நாள் இருக்க முடியும்? பிடுங்கிப் போட்ட வெங்காயம் காட்டில் காய்ந்துகொண்டிருந்த ஒரு நாள் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. அவர் வீட்டுக்குள் கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப வேண்டும், எழுப்பிச் சொல்ல வேண்டும். வாசலில் வெள்ளாட்டுக் கிடா ஒன்று கட்டிக் கிடந்தது. நான் அதன் முன்னால் போய் நின்று, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "ஏ ஆடு, மேக்க இருட்டிக்கிட்டு வருது. வெங்காயம் வெளியில கெடக்கு."

அவர் துள்ளி எழுந்து ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். ஒரு முனையை அவரும் ஒரு முனையை நானும் பிடித்துத் தார்ப்பாய் போட்டு மூடினோம். நனைந்துகொண்டு திரும்பி வந்தவர் ஆட்டின் கழுத்தைத் தடவினார். "நல்ல வேளை சொன்ன" என்றார். ஆட்டிடம் சொன்னாரா, என்னிடமா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நான் ஆட்டிடம் சொல்வேன், அவர் என்னிடம் பதில் சொல்வார். "ஏ ஆடு, கொழம்புக்கு உப்பு போதுமான்னு தெரியல" என்பேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "ஆட்டுக்கு நாக்கு நல்லாத்தான் வேலை செய்யுது, உப்பு சரியா இருக்கு" என்பார். மழைக்காலத்தில் ஆட்டை உள்ளே கொண்டுவந்து கட்டுவோம். ஆடு இல்லாத இடத்தில் அம்மிக்கல்லிடம் சொல்வேன், விளக்கிடம் சொல்வேன், அவர் குடிக்க வைத்த தண்ணீர்ச் செம்பிடம் சொல்வேன். வெளியாட்கள் முன்னால் எதுவும் சொல்லமாட்டேன். அது யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. நான்தான் பேசாதவள் ஆயிற்றே.

சொல்ல வேண்டியது எல்லாவற்றையும் அப்படித்தான் சொன்னேன். அவருக்கு டைபாய்டு வந்து கிடந்தபோது, "ஏ ஆடு, கஞ்சி குடிக்காதவங்களுக்கு ஒடம்பு தேறாது" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலேயே அலைந்து அவருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்காமலே கற்றுக்கொண்டேன். அவரும் என் நடையை வைத்தே எனக்குக் கால் வலியா, கோபமா என்று சொல்லிவிடுவார். ஒரு விதத்தில் மற்ற வீடுகளைவிட எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் அதிகமாகக் கவனித்தோம். கவனிக்காவிட்டால் குடும்பம் ஓடாது.

முதல் ஆடு கிழடாகிவிட்ட சமயம் பக்ரீத்துக்கு முன்னால் லப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பாய் வந்தார். எங்களிடம் வருடா வருடம் கிடா வாங்குகிறவர். அந்த வருடம் கேட்ட கிடாக் குட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு இவர் பேசிக்கொண்டிருந்தார். பாய் கிழட்டு ஆட்டைப் பார்த்தார்.

"அண்ணே, இதை ஏன் இன்னும் வச்சுத் தீனி போடுறீங்க? குர்பானிக்கும் ஆகாது, கறிக்கும் ஆகாது. யார்கிட்டயாவது தள்ளிவிடலாம்ல?"

"அது போயிட்டா எங்க வூட்ல பேச்சு நின்னுடும் பாய்."

பாய் சிரித்தார். "அண்ணி பேசாதுன்னு தெரியும். அதுக்காக ஆட்டோடவா பேசிக்கிட்டு இருக்கீங்க?"

"நான் இல்ல பாய். ஆடுதான் எங்கிட்ட பேசும்."

"அல்லாவே, அப்ப இது விக்கிற சாமான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பாய் சிரித்துக்கொண்டே போனார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று அந்த ஆடு செத்திருந்தால்கூட நான் அழுதிருக்க மாட்டேன், அப்படி ஒரு நிறைவு. அதே சமயம், ஒரு எட்டு வைத்து வெளியே போய் "ஏங்க" என்று ஒரு வார்த்தை கூப்பிட முடியாமல் நின்றேன். பையன் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம் அது.

அந்த ஆடு போனது. இன்னொன்று வந்தது. நான் கேட்காமலே அவர் பிடித்துக்கொண்டு வந்து அதே கட்டுத்தறியில் கட்டினார். அதுவும் போய் இப்போது மூன்றாவது. பையன் வளர்ந்து துபாய்க்குப் போய்விட்டான்.

பிறகு அவருக்குக் கண் போனது. சர்க்கரை கண் நரம்பைத் தின்றுவிட்டது என்றார்கள். பெரம்பலூருக்கும் திருச்சிக்கும் அலைந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, போன தைக்குப் பிறகு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரிகிறது.

கண் இருந்தவரை நான் ஆட்டைப் பார்த்துப் பேசினாலும் அவர் என்னைப் பார்ப்பார். கண் போன பிறகு அவர் என்ன செய்தார் என்றால், நான் "ஏ ஆடு" என்று ஆரம்பித்தவுடன் ஆடு கட்டியிருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் இந்தப் பக்கம் நிற்பேன். அவர் அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டுவார், சிரிப்பார், பதில் சொல்வார். செம்பிடம் பேசினால் செம்பு எங்கே இருக்கிறது என்று கையால் துழாவி, அதைப் பார்த்துப் பேசுவார். பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பார்ப்பது என்னால் தாங்க முடியாமல் இருந்தது. நான் செத்துப்போய் அந்த வீட்டில் நிற்பது போலவும், அவர் யாரோடோ குடும்பம் நடத்துவது போலவும் இருக்கும். நான் இங்கே இருக்கிறேன் என்று சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் என்னால் ஆகாது.

அவர் தனியாக வெளியே போய்வர வாசலிலிருந்து வேப்பமரத்துக்கும், அங்கிருந்து ஆட்டுக் கொட்டகைக்கும் கயிறு கட்டியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார். எங்கள் கிணறு கொட்டகைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குச் சுவர் கிடையாது. பாறையை வெட்டி இறக்கிய பள்ளம், கீழே தண்ணீர்.

இந்த ஆனி மாதம் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கயிறு வேப்பமரத்தில் உரசி நைந்திருந்தது. அவர் படுத்திருக்கிறாரே என்று மரத்திலிருந்து முனையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புதுக் கயிறு எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிட்டிருந்தேன். கயிற்றை எடுத்துக்கொண்டு திரும்பினால் அவர் வெளியே வந்துவிட்டிருந்தார். கையில் கயிறு இருந்தது. வாசலில் கட்டியிருந்த முனையும் எப்படியோ கழன்றிருக்கிறது. எங்கேயும் கட்டப்படாத கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது தன்னைக் கூட்டிக்கொண்டு போகிறது என்ற நம்பிக்கையில் அவர் நடந்து வந்துகொண்டிருந்தார். மரத்தைத் தாண்டிவிட்டார். கொட்டகையையும் விட்டு விலகிவிட்டார். கயிற்றின் வால் மண்ணில் இழுபட்டு வந்தது. எதிரே கிணறு.

நான் ஓடிப் பிடிக்க முடியாத தூரம். ஆட்டைத் தேடினேன். ஆடு இல்லை. அப்போதும் நான் ஆட்டைத்தான் தேடினேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் இன்னும் நாலு எட்டு வைத்தார். பையன் அண்ணாந்து பார்த்தது கண்ணில் வந்தது. பேசினா நான் என்னம்மா?

"ஏங்க. நில்லுங்க. நின்ன எடத்துலயே நில்லுங்க."

நின்றுவிட்டார். கிணற்றுக்கும் அவர் காலுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடுகிற இடம்தான் இருந்தது. முகத்தை என் பக்கம் திருப்பி, மரியாதையாகக் கேட்டார்:

"யாரும்மா அது?"

நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். கையைத் தொட்டதும் நான்தான் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும், "இப்ப சத்தம் குடுத்தது யாரு? தெரியாத குரலா இருந்துச்சு. அதான் நின்னேன்" என்றார்.

அவரைக் கிணற்றோரம் இருக்கிற மோட்டார் கொட்டகைத் திண்டில் உட்காரவைத்தேன். போனை எடுத்துப் பையனுக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன்.

"யாருக்குப் போடுற?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "தம்பிக்கு" என்றேன். அவரைப் பார்த்தே சொன்னேன்.

"இப்ப எதுக்கு அவனுக்கு?"

"சத்தியத்த மீறிட்டேன். அவனுக்கு என்னாச்சோ."

"எந்தச் சத்தியம்?"

"அவன் தலைமேல பண்ணினது."

அவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "அதைத்தான் அன்னிக்கே குலசாமிக்கிட்ட கொண்டுபோய் எறக்கிட்டனே" என்றார்.

"என்ன எறக்கினீங்க?"

"முடியத்தான். நீ எண்ணெய்க் கை வச்சு அடிச்ச முடி. தலையில அடிச்ச சத்தியம் அந்த முடியோட போயிடும்ல. எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. கூட்டியாந்து உன் முன்னாடி நிறுத்திப் பாத்துக்கன்னு சொன்னேனே."

எனக்குக் காதில் எதுவும் விழாமல் போனது. பிறகு மெதுவாகக் கிணற்றுக்குள் புறா சத்தம் கேட்டது.

"நீ அப்புறமும் பேசல" என்றார். "சரி, இவளுக்குச் சத்தியம் ஒரு சாக்கு. கோவம் போகலன்னு விட்டுட்டேன். நான் பண்ணினதுக்கு அது நியாயம்தானே. ஆட்டுக்கிட்டயாவது பேசுறாளேன்னு இருந்தேன்."

இருபத்தேழு வருடமாக நான் அவரிடம் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது: "அன்னிக்கு ஏங்க சொல்லல?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "ஈரம் காஞ்சுடும்னு நெனச்சேன். ஒரு நாள்தானேன்னு நெனச்சேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

ஏதாவது பெரிய காரணம் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அழுதுகொண்டே அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டேன்.

பையன் சாயங்காலம் கூப்பிட்டான். "டூட்டில இருந்தேம்மா. என்ன, பத்து தடவை போட்டிருக்க? அப்பாவுக்கு என்ன?" அவன் குரலைக் கேட்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுமில்லை என்றேன். பிறகு, கேட்காமல் இருக்க முடியாமல், "உனக்குச் சின்ன வயசுல குலசாமிக்கு மொட்டை போட்டாங்களே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கே. வர்ற வழியில அப்பா சோடா வாங்கிக் குடுத்தாரு. 'இனிமே உங்கம்மா பேசும்டா'ன்னு சொன்னாரு. நான் நாலஞ்சு நாள் உன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் மறந்துட்டேன். ஏம்மா?"

"ஒண்ணுமில்லப்பா. சாப்ட்டியா?" என்றேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பூட்டு திறந்துவிட்டது, பேச்சுதான் வரவில்லை. "ஏங்க" என்று ஆரம்பித்தால் அடுத்தது என்ன என்று தெரியாமல் நிற்பேன். பழக்கத்தில் ஆட்டிடம் திரும்பினால் எல்லாம் சரளமாக வரும். இதைவிட என்னைப் பயமுறுத்துவது வேறு ஒன்று. நான் நேராகப் பேசுகிற ஒவ்வொரு தடவையும் அவர் "யாரும்மா அது?" என்று கேட்கிறார்.

முதலில் கேலி என்று நினைத்தேன். ஒரு நாள் முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை. அடுத்த தெருவில் கேட்கிற குரலைக் கவனிப்பது போல் தலையைச் சாய்த்திருந்தார்.

"நான்தாங்க. எத்தனை தரம் சொல்றது?" என்றேன்.

"நீதான்னு தெரியும். ஆட்டுக்கிட்ட பேசுற குரல எனக்கு நல்லாத் தெரியும். இது அது இல்ல. இது கல்யாணமான புதுசுல அடுப்படியில ஒரு பொண்ணு பேசுமே, அந்தக் குரலு. அது இத்தனை நாள் எங்க இருந்துட்டு வருதுன்னு தெரியல. வர்றப்பல்லாம் திக்குன்னு இருக்கு. வாயி தானா கேட்டுடுது."

எனக்கும் தெரியவில்லை. அம்மிக்கல்லைக் கடந்து போகும்போது, விளக்கைத் துடைக்கும்போது, அந்தப் பெண் அதற்குள்ளிருந்து என்னைப் பார்ப்பது போல் இருக்கிறது. அவருக்குச் சேர வேண்டிய சொல் எத்தனை அவற்றில் போட்டு வைத்தேன். சில சமயம் அவர் நான் இல்லாதபோது அம்மிக்கல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன கேட்கிறார் என்று நான் விசாரிப்பதில்லை.

அடுத்து வந்த ஆவணியில் கொழுந்தன் மகளுக்குப் பெரம்பலூர் டவுனில் வீடு கட்டி முடிந்தது. பால் காய்ச்ச எங்களைத்தான் கூப்பிட்டார்கள். கண் தெரியாதவரை ஏன் என்று நான் தயங்கினேன். அந்தப் பெண் கேட்கவில்லை. "பெரியம்மா, நீங்க ரெண்டு பேரும் நின்னாதான் நான் உள்ளயே போவேன்" என்றாள்.

புது கேஸ் அடுப்பு. அவர் கைமேல் என் கையை வைத்துப் பாலை ஊற்றினோம். சுற்றி இருபது பேர் நின்றார்கள். ஓரகத்தி வழக்கம்போல ஆரம்பித்தாள்: "இந்த அக்கா நாலு பேர் முன்னாடி அத்தான்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேசட்டும், நான் மொட்டை போட்டுக்கிறேன்."

பால் ஓரம் கட்டி, நடுவில் ஏறி வந்தது. அவர் முகம் பாத்திரத்துக்கு மேலே குனிந்திருந்தது. ஆவி அடிக்கும். அங்கே ஆடு இல்லை. புது வீட்டில் எனக்குப் பழகின செம்பு, கல் எதுவும் இல்லை.

"ஏங்க, பால் பொங்குது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அவர் பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, "யாரும்மா அது?" என்று கேட்டார்.

வீடே சிரித்தது. "போச்சு, புருஷனுக்கே குரல் தெரியலையாம், என் முடி போச்சு" என்று ஓரகத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். அவரும் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா என்று சொல்லத் தெரியவில்லை.

"நான்தாங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். நான் நின்ற பக்கம் நீட்டவில்லை, மறுபக்கம் நீட்டினார். அங்கே யாரும் இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. நான் அவர் பின்னால் சுற்றிப் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டேன்.